யாரும் பார்க்காத நேரத்துக்கு ஒரு தொட்டில்

கைக்குழந்தைக்கென்று வாங்கும் சாமான்களில் முக்கால்வாசியைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார். குளிப்பாட்டும் தொட்டியில் ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்கும். தள்ளுவண்டியை யாராவது தள்ளினால்தான் நகரும். கிலுகிலுப்பையை ஆட்டுவதே நாம்தான். தொட்டில் அப்படி இல்லை. வீட்டில் எல்லோரும் அசந்து தூங்கும் நேரத்தில்தான் அதற்கு வேலையே. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை புரண்டு ஒரு மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் அதைப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் தொட்டில் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. விளம்பரப் படங்களைப் பார்த்தால் எல்லாத் தொட்டிலும் ஒரே மாதிரி: சுற்றிலும் பஞ்சு வைத்த தடுப்பு, குட்டித் தலையணை, மடித்து வைத்த போர்வை, மூலையில் ஒரு கரடி பொம்மை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொருளையும் பார்த்து ‘யாரும் பார்க்காதபோது இது என்ன செய்யும்?’ என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் தொட்டிலில் மிஞ்சியது ஒரு மெத்தையும் ஒரு விரிப்பும்தான். பட்டியல் போட்டுப் பொருள் சேர்க்கப் போனவன் பட்டியலை அடித்துக்கொண்டே வந்த கதை இது.

முதலில் வந்து நின்றது அக்காவின் பழைய தொட்டில். அவள் மகன் தூங்கி வளர்ந்தது. கட்டுமானம் திடம், மரம் பளபள. ஒரு பக்கச் சட்டத்தை மட்டும் கீழே இறக்கலாம்; குனியாமல் குழந்தையைத் தூக்க வசதி. இந்த வகைக்கு டிராப் சைடு என்று பெயர்.

“டேய், மூணு வருஷம் இவன் இதுலதான் தூங்கினான். ஒரு கீறல் உண்டா? இந்த மாதிரி மரம் இப்பக் கிடைக்குமா?”

“மரத்துல குறையே இல்லக்கா. ஏத்தி இறக்குற அந்தப் பக்கம்தான் யோசனையா இருக்கு.”

அந்தச் சட்டத்தின் கீழ் மூலையைப் பிடித்து என் பக்கம் மெல்ல இழுத்தேன். ஒரு விரற்கடை வெளியே வந்தது. விட்டதும் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. சட்டம் ஏறி இறங்குவதற்காக இரண்டு முனையிலும் ஒரு இரும்புத் தண்டு, அதில் வழுக்கும் ஒரு பிளாஸ்டிக் பிடி. அந்தப் பிடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. வளைந்து வளைந்து சோர்ந்துபோன பிளாஸ்டிக்கில் விழும் கோடு அது. அத்தனை கனமான மரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பிளாஸ்டிக்தான்.

அது ஒரு மூலையில் கழன்றால் சட்டம் முழுதாக விழுந்துவிடாது. விழுந்தாலாவது சத்தம் கேட்கும். ஒரு முனை மட்டும் விலகி, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சந்து உருவாகும். குழந்தை உருண்டு அதற்குள் போனால் கழுத்தோ நெஞ்சோ மாட்டிக்கொள்ளும். 2000-க்குப் பிறகு சுமார் பத்து ஆண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகளின் இறப்புக்கு இந்த வகைத் தொட்டிலுடன் தொடர்பு உண்டு என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 2011 ஜூனில் அதன் தயாரிப்பும் விற்பனையும் அங்கே தடை செய்யப்பட்டன. 2016-இல் கனடாவும் தடை செய்தது.

அக்காவுக்கு வருத்தம்தான். ‘என் பிள்ளை தூங்கின தொட்டில் உன் பிள்ளைக்கு ஆகாதா’ என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் சொன்னதும் பொய்யில்லை. அவள் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிளாஸ்டிக் புதிதாக இருந்தபோது அவன் அதில் தூங்கினான் என்பதுதான் வித்தியாசம். கழற்றி, சட்டங்களைத் தனித்தனியாக்கி, பிடிகளை உடைத்துத்தான் அப்புறப்படுத்தினோம். முழுசாக வெளியே வைத்தால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் குழந்தையைப் படுக்க வைப்பார்கள்.

பழைய தொட்டிலே கூடாது என்று சொல்ல வரவில்லை. பத்து வருடத்துக்கு உட்பட்டது, பக்கங்கள் அசையாதது, ஒரு போல்ட்கூடக் குறையாதது, தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருப்பது என்றால் யோசிக்கலாம். அந்த எண் இருந்தால்தான் குறை கண்டு அந்த மாடலைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றாரா என்று பார்க்க முடியும். காணாமல் போன ஒரு ஸ்க்ரூவுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருந்தால் வேண்டாம்.

அடுத்தது கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி. அமெரிக்க விதிப்படி 6 சென்டிமீட்டர்தான் உச்சம். சாதாரண குளிர்பானக் கேன் ஒன்று உள்ளே நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் தலை இதைவிடப் பெரிதுதானே, 8 சென்டிமீட்டர் இருந்தால் என்ன என்று எனக்கும் முதலில் தோன்றியது. குழந்தை தலையை முன்னே நீட்டிக்கொண்டு வெளியே வராது. கால் முதலில் போகும், இடுப்பு நழுவும், உடம்பு முழுவதும் வெளியே வந்த பிறகு தலை மட்டும் உள்ளே மாட்டி நிற்கும். அதனால் அளவு பார்க்க வேண்டியது தலையை வைத்து இல்லை, இடுப்பை வைத்து. ஐரோப்பியத் தரத்தில் 4.5 முதல் 6.5 சென்டிமீட்டர் என்று கீழ் வரம்பும் உண்டு. இடைவெளி ரொம்பக் குறைந்தால் கையோ காலோ நுழைந்து இறுகிக்கொள்ளும்.

மூலைத் தூண்கள் மேல் சட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. உச்சியில் உருண்டைக் குமிழ், தலைமாட்டுப் பலகையில் இதயம் போல வெட்டிய ஓட்டை, இதெல்லாம் சட்டையோ தலையோ மாட்டும் இடங்கள். மிகப் பழைய தொட்டில் என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் வயதில் குழந்தை கடிப்பதே மேல் சட்டத்தைத்தான்.

மெத்தைக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவழித்ததும் இதில்தான், அதிகம் வாக்குவாதம் செய்ததும் இதில்தான். கடையில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள்: உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, கை புதைந்தால் “ஆஹா” என்பார்கள். விற்பவரும் அதைத்தான் செய்து காட்டினார். “தொட்டுப் பாருங்க சார், மேகம் மாதிரி இருக்கும்” என்றார். கையை எடுத்த பிறகு அவர் விரல்களின் அச்சு ஃபோமில் அப்படியே இருந்தது. மெல்ல, ரொம்ப மெல்ல, ஒவ்வொரு விரலாக மேலே வந்து சமமானது. என் உடம்புக்கு அது சுகமாக இருந்திருக்கும். பச்சைக் குழந்தையின் முகம் அந்தப் பள்ளத்தில் இருந்தால்?

இங்கே கொஞ்சம் நின்று இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். குழந்தை குப்புறக் கிடந்து முகம் மென்மையான ஒன்றில் புதைந்தால், விடும் மூச்சு வெளியேற வழியில்லாமல் முகத்தைச் சுற்றியே தேங்கும். அதையே திரும்ப இழுக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு ஏறும், பிராணவாயு குறையும். நமக்கு அப்படி ஆனால் மூளை உலுக்கி எழுப்பிவிடும், தலையைத் திருப்பிக்கொள்வோம். பிறந்து சில மாதங்களே ஆன சில குழந்தைகளுக்கு அந்த எச்சரிக்கை மணி இன்னும் சரியாக அடிப்பதில்லை, கழுத்துக்கும் வலு போதாது. ஜேம்ஸ் கெம்ப், பிராட்லி தாச் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். உருண்டை உருண்டையான பாலிஸ்டைரின் மணிகள் நிரப்பிய மெத்தைத் தலையணைகளில் முகம் புதைந்து இறந்த குழந்தைகளை வைத்து, விட்ட மூச்சையே திரும்ப சுவாசிப்பது எப்படி உயிரைப் பறிக்கும் என்று காட்டினார்கள்.

அதனால் குழந்தை மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். பெரியவர் கைக்கு ‘இது என்ன பலகை மாதிரி’ என்று தோன்றும் அளவுக்கு. அழுத்திக் கையை எடுத்த உடனே மேற்பரப்பு சமமாகிவிட வேண்டும். நடுவில் மட்டும் அழுத்திப் பார்த்தால் போதாது. ஓரங்களில்தான் ஃபோம் சீக்கிரம் தளரும். அழுத்திய அச்சு மெல்ல மறையும் அந்த மெமரி ஃபோம் கூடவே கூடாது. குழந்தைக்குக் கெட்டி மெத்தையில் தூங்கிப் பழக்கமில்லையே என்றால், அதற்கு எந்த மெத்தையிலும் தூங்கிப் பழக்கமில்லை. மென்மை என்பது நம்முடைய ஆசை.

மெத்தைக்கும் தொட்டில் பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். மெத்தையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால்தான் உண்மையான சந்து தெரியும். மெல்லிதாக இருக்கிறதே என்று இன்னொரு மெத்தையை மேலே போடுவதும் வேண்டாம். வலை வைத்த மடக்குத் தொட்டில்களில் இது இன்னும் ஆபத்து. அவற்றின் வலை நெகிழும். கூடுதல் மெத்தைக்கும் வலைக்கும் நடுவே குழந்தை உருண்டு சிக்கிக்கொள்ளும். அதனுடன் வந்த மெல்லிய பலகை மெத்தையே போதும், அதைத்தான் போட வேண்டும்.

விரிப்பு ஒன்றே ஒன்று. நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து, மெத்தைக்கு அடிவரை இறுக்கிப் பிடிப்பது. வாங்கியதும் இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்ப்பது நல்லது. பருத்தி சுருங்கும். சுருங்கிய விரிப்பு மூலையிலிருந்து பட்டென்று நழுவினால் அது குழந்தையின் முகத்தருகே வந்து கிடக்கும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கழன்றால் வேண்டாம்.

இனி அந்த அழகான தடுப்புக்கு வருவோம், பம்பர். கம்பிகள் அகலமாக இருந்த காலத்தில் தலை மாட்டாமல் இருக்கச் சுற்றிலும் கட்டியது இது. 1970-களில் இடைவெளி சுருங்கியதும் அதன் வேலை முடிந்துபோனது. ஆனால் போகவில்லை, விரிப்பு, போர்வையுடன் ஒரே நிறத்தில் ஒரு செட்டாகத் தங்கிவிட்டது. தலை கம்பியில் இடிக்காதா, கை கால் மாட்டாதா என்று எல்லோரும் கேட்பார்கள். இடிக்கும்தான். புரளத் தெரியாத குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வேகத்தில் இடிக்காது. கால் வெளியே நீண்டால் அழும். போய் எடுத்து உள்ளே விடலாம். முகம் பஞ்சில் புதைந்தால் அழ முடியாது. நான் முடிவெடுக்க இந்த ஒரு வித்தியாசமே போதுமாக இருந்தது.

மேலே சொன்ன அதே தாச் 2007-இல் பம்பர்களையும் ஆராய்ந்தார். 1985 முதல் 2005 வரையான பதிவுகளில் 27 இறப்புகளைக் கண்டெடுத்தார்: பம்பரில் முகம் அழுந்தியவை, பம்பருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கியவை, கட்டும் நாடா கழுத்தைச் சுற்றியவை. 2022-இல் அமெரிக்கா பஞ்சு பம்பர்களைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. வலைத் துணியில் வரும் மெல்லிய வகை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதுவும் தேவையில்லை என்றே சொல்கிறது.

தலையணை விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு. “தலை ஒரு பக்கம் தட்டையாயிடும்டா, நடுவுல குழி வெச்ச தலையணை விக்கிறாங்களே” என்றாள் அக்கா. விற்கிறார்கள்தான். அந்தத் தலையணைகள் தலையைச் சீராக்குவதாக எந்த நிரூபணமும் இல்லை, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு, பயன்படுத்தாதீர்கள் என்று 2022-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தலை தட்டையாவது மெய்தான். குழந்தை விழித்திருக்கும்போது, நாம் பார்த்துக்கொண்டிருக்க, சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். தொட்டிலில் தலைமாடு கால்மாட்டை அவ்வப்போது மாற்றிப் போடலாம். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

அப்புறம், மல்லாக்கப் படுக்கவைப்பது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல நாடுகளில் மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். கக்கினால் புரையேறாது என்ற நினைப்பு. 1980-களின் கடைசியில் நியூசிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் ‘மல்லாக்கப் படுக்கவையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காரணம் தெரியாத திடீர் குழந்தை இறப்பு அமெரிக்காவில் பாதிக்கும் மேல் குறைந்தது. புரையேறும் பயத்துக்கும் உடற்கூறிலேயே பதில் இருக்கிறது. மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. மேலே வந்த பால் தானாகக் கீழே இருக்கும் உணவுக்குழலுக்கே வழியும். குப்புறப் போட்டால் இந்த வரிசை புரண்டுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் பாதி வழி இல்லை. அங்கிருந்து குப்புற உருள ஒரு சின்ன அசைவு போதும்.

சாய்வாகப் படுக்கவைக்கும் சாதனங்கள் வேறொரு விதத்தில் ஏமாற்றும். குழந்தைகள் அதில் சொக்கிப்போய்த் தூங்கும், பெற்றோருக்கும் நிம்மதியாக இருக்கும். சாய்வில் கனமான தலை முன்னே விழுந்து தாடை நெஞ்சில் முட்டினால், வைக்கோல் அளவே உள்ள மூச்சுக்குழல் மடங்கிக்கொள்ளும். சத்தமே வராது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அண்ட் ப்ளே’ சாய்வுப் படுக்கை 30-க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவான பிறகு 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 47 லட்சம் விற்றிருந்தது. இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களே என்ற தைரியத்தில் எதையும் வாங்கக் கூடாது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இப்போது அமெரிக்காவில் குழந்தை தூங்குவதற்கென்று விற்கும் எதிலும் சாய்வு 10 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. கார் சீட்டில் தூங்கிவிட்ட குழந்தையை வீடு வந்ததும் தொட்டிலுக்கு மாற்ற வேண்டியதும் இதனால்தான். தூக்கினால் எழுந்துவிடுமே என்பீர்கள். எழும்.

போர்வை இல்லாமல் குளிராதா? கையில்லாத பை போன்ற உறக்க உடை ஒன்று கிடைக்கிறது, ஸ்லீப் சாக் என்பார்கள். தோளில் மாட்டி ஜிப் போட்டுவிட்டால் முகத்துக்கு ஏறி வராது. கழுத்துத் துளை தலை உள்ளே நழுவாத அளவில் இருக்க வேண்டும். ‘வளர்ந்ததும் போடலாம்’ என்று பெரிய சைஸ் வாங்கும் சிக்கனம் இங்கே உதவாது. நாம் அதே அறையில் வசதியாக இருக்க எவ்வளவு உடுத்துவோமோ அதற்கு மேல் ஒரே ஒரு அடுக்கு போதும். வெப்பமான இடங்களில் அதுவும் தேவைப்படாது. கை கால் சில்லென்று இருந்தால் பதறத் தேவையில்லை, குழந்தைகளுக்கு அது சகஜம். கழுத்துக்குப் பின்னாலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், எடை வைத்துத் தைத்த பைகளும் வேண்டாம். துணியில் சுற்றிப் படுக்கவைக்கும் வழக்கம் இருந்தால், புரள முயற்சி செய்யும் முதல் அறிகுறியோடு அதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் புரண்டால் திரும்ப வழியில்லை.

வாங்கியது வந்து சேர்ந்ததும் மாட்டும் வேலை. படம் போட்ட மேனுவலை மட்டும் நம்பி, போல்ட் முடுக்கும் ஆலன் கீயோடு தரையில் உட்கார்ந்தேன். எல்லா போல்ட்டையும் முதலில் அரைகுறையாக மாட்டிவிட்டு, சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் முழுதாக முடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் எதிர்மூலைத் துளை சேராது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். கிறீச் என்று சத்தம் வந்த மூலையில் ஒரு போல்ட் அரைச் சுற்று மீதம் இருந்தது. மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க இவை தளரும். அவ்வப்போது மறுபடி உலுக்கிப் பார்த்து முடுக்க வேண்டும். மேனுவலையும் ஆலன் கீயையும் ஒரு கவரில் போட்டு மெத்தைப் பலகைக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், தேடாமல் இருக்க.

தொட்டிலை எங்கள் அறையிலேயே போட்டோம். முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையில், ஆனால் தனிப் பரப்பில் என்பதுதான் மருத்துவர்களின் பரிந்துரை. திடீர் இறப்பு அதிகமாக நேர்வது இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள். பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. ஜன்னல் திரையின் கயிறும் குழந்தையைக் கவனிக்க வைக்கும் மானிட்டரின் வயரும் எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன். நடுராத்திரியில் பால் கொடுத்தபடியே சோபாவில் கண்ணயர்வது கட்டிலில் கண்ணயர்வதைவிடப் பல மடங்கு ஆபத்து என்பதால் சோபாவில் மட்டும் உட்காருவதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தொட்டில் எவ்வளவு சரியாக இருந்தாலும் வீட்டில் புகைபிடித்தால் அதில் பாதிப் பலன் போய்விடும்.

தலைக்கு மேலே தொங்கும் பொம்மையை, குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். உட்காரத் தொடங்குவதற்கு முன் மெத்தைப் பலகையை ஒரு படி இறக்க வேண்டும், பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எப்போதும் குழந்தை அடுத்து என்ன செய்யப் போகிறதோ அதற்குத்தான் தொட்டிலைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரம் வந்துவிட்டால், அல்லது அதற்கு முன்பே ஒரு காலை மேல் சட்டத்தில் போட்டு ஏறப் பார்த்தால், தொட்டிலின் காலம் முடிந்தது. எங்கள் மகன் நின்றால் மேல் சட்டம் இப்போது அவன் நெஞ்சுக்குக் கீழே வருகிறது. போன வாரம் ஆலன் கீயை வெளியே எடுத்துவிட்டேன். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தொட்டிலைக் கேட்டிருக்கிறாள். ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, திரும்பப் பெற்றவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மெத்தையை மட்டும் கொடுக்கவில்லை. நடுவில் உள்ளங்கை கொஞ்சம் புதைகிறது.